நிழலுக்கு இலுப்பை நடுவோம்

மரம் நடுவிழா என்றாலே குல்மோகரும் தூங்குமூஞ்சியும்தான் வண்டியில் வந்து இறங்குகின்றன. ஒன்று மடகாஸ்கரிலிருந்து வந்தது, மற்றது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீக்கிரம் வளரும், பூத்தால் அழகு, மறுக்கவில்லை. ஆனால் குல்மோகர் பலத்த காற்றுக்குத் தாங்காது, கிளை முறிந்துவிடும். களத்துமேடு, பள்ளிக்கூடம், கோயில் திடல், ஊர்ச்சாலை எதுவானாலும் நிழலுக்கு இலுப்பையை நடுங்கள் என்பேன்.

அழகிலும் இலுப்பை குறைந்ததில்லை. இலையுதிர்த்த கையோடு செம்பு நிறத்தில் துளிர் விடும். பங்குனி, சித்திரையில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ராத்திரி வௌவால் வரும், விடிந்தால் மரத்தடி முழுக்க இனிப்புப் பூ உதிர்ந்து கிடக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம்ம பெரியவங்க சும்மா சொல்லவில்லை. விதைப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். கோயில் விளக்குகள் அந்த எண்ணெயில் எரிந்தன. மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு கோயிலில் தலமரமே இலுப்பைதான். மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபின் எண்ணெய்க்கு மதிப்புப் போச்சு, தோப்புகளும் கோடாலிக்குப் போயின.

"காய்க்க ரொம்ப வருஷம் ஆகுமே" என்பார்கள். ஆமாம், பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே நிழல் கிடைத்துவிடும், பிறகு பல தலைமுறைக்கு நிற்கும். அழகுக்கு மட்டும் நட்ட மரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டினால் கேட்க ஆளில்லை. கொட்டை பொறுக்கி நாலு காசு பார்க்கிற மரமென்றால் ஊரே வந்து மறிக்கும்.

கன்று எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். ஆனி, ஆடியில் பழம் விழும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். எண்ணெய் விதை, எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம், அதனால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. ஒரு குழிக்கு மூன்று விதை போட்டு, முளைத்ததில் வாளிப்பானதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வருஷம் முள்வேலியும் கோடையில் தண்ணீரும் அவசியம். படர்ந்து வளரும் மரம், முப்பது அடி இடைவெளி விடுங்கள். பக்கத்து வயலில் நிழல் விழுந்தால் வரப்புச் சண்டைதான், அதையும் பார்த்து நடுங்கள்.

இன்னொன்று, இலுப்பைப் பிண்ணாக்கு மண்ணுக்கு உரம், ஆனால் மீனுக்கு நஞ்சு. குளத்தில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு பழைய இலுப்பையாவது நிற்கும். இந்த ஆடியில் பையோடு அதன் அடிக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், காவல் காக்கப்போவது அவர்கள்தானே!