பொன்னாடை போதும், ஒரு தாளம் கட்டுங்க

ஒரு கலைஞர் கண்ணை மூடினால் நம்ம பக்கத்தில் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். பேஸ்புக்கில் கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு மலர், பிறகு மண்டபத்தில் ஒரு கூட்டம். படத்துக்கு மாலை போட்டு, நாலு பேர் எழும்பி "ஈடுசெய்ய முடியாத இழப்பு" எண்டு சொல்லுவாங்க. அந்த மனுசன் எப்படி வாசித்தார், அவர் கையில் மட்டும் என்ன இருந்தது எண்டு ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டாங்க. சினிமாப் பாடகர் எண்டா இன்னும் லேசு. கரோக்கியைப் போட்டு அவர் பாட்டையே திருப்பிப் பாடிட்டு வீட்ட போகலாம்.

இதுக்குப் பேர் அஞ்சலி இல்ல. கடன் கழிக்கிற வேலை.

ஜாஸ்காரர்கள் இதை வேற மாதிரிச் செய்தாங்க. 1956 ஜூனில் கிளிஃபோர்ட் பிரவுன் எண்ட ட்ரம்பட் கலைஞர் கார் விபத்தில் செத்தார். வயது 25. நண்பர் பென்னி கோல்சன் அவருக்காக ஒரு மெட்டுக் கட்டினார், 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்'. பிரவுன் உயிரோட இருந்தது 25 வருசம். அந்த மெட்டு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக உயிரோட இருக்கு. உலகத்தில் எந்த மூலையில் யார் அதை வாசித்தாலும் அவர் பேரைச் சொல்லித்தான் தொடங்க வேணும்.

1959 மார்ச்சில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் சார்ல்ஸ் மிங்கஸ் 'குட்பை போர்க் பை ஹேட்' எண்ட உருப்படியைப் பதிவு செய்தார். லெஸ்டர் எப்பவும் போடும் தொப்பியின் பேர்தான் அது. மிங்கஸ் லெஸ்டரின் பாட்டு ஒன்றையும் எடுத்துத் திருப்பி வாசிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பன்னிரண்டு அளவை புளூஸ் வடிவத்தை எடுத்து, சுரக்கோர்வைகளை மாற்றி, அவசரமே இல்லாமல் நடக்க விட்டார். லெஸ்டரின் வாசிப்பும் அப்படி அவசரப்படாததுதான்.

நாங்க சொல்ல வாறது இதுதான். இப்படி ஒன்றைக் கட்ட வேணும் எண்டா முதலில் கேட்டிருக்க வேணும். ஆள் எங்க இழுப்பார், எங்க விடுவார், எங்க சும்மா இருப்பார் எண்டு தெரியாமல் அவருக்கு மெட்டுக் கட்ட ஏலாது. பொன்னாடைக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்ல. கடையில் வாங்கலாம்.

"இது வெள்ளைக்காரன்ட பழக்கம், நமக்கு எதுக்கு?" எண்டு கேட்பாங்க. முதலில், ஜாஸ் கறுப்பின மக்களின் இசை. இரண்டாவது, நம்மிடமும் இது இருக்கு. தியாகராஜரின் சீடர் வழியில் வந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் தியாகராஜரைப் பற்றியே கல்யாணியில் ஒரு கீர்த்தனை செய்தார். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒரு உருப்படியில் பாக்கின் வயலின் இசையோடு அவர் நேரடியாகவே பேசிப் பார்க்கிறார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர், டிட்ரொயிட் டெக்னோக்காரர் ராபர்ட் ஹுட்டுக்காக 'ஹுட்' எண்ட உருப்படியைக் கட்டினார். மெஷினில் பிறந்த இசைக்கு, பியானோ, பாஸ், ட்ரம்ஸ் எண்டு மூன்று மனுசரின் கையாலேயே மரியாதை.

இனி நம்ம வாவிக்கரைக்கு வருவம். மண்டூர் தொடங்கிப் படுவான்கரை முழுக்க அண்ணாவிமார் வாழ்ந்த மண் இது. சட்டம் கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிவித்து, அரங்கேற்றத்தன்று வட்டக்களரியில் விடியவிடிய நின்று மத்தளம் அடித்தவர்கள். வடமோடிக்கு ஒரு கை, தென்மோடிக்கு ஒரு கை. ஒவ்வொரு அண்ணாவியாரும் தாளந் தீர்க்கிற விதம் வேற. அது ஏட்டில் இல்ல, கையில்தான் இருக்கு. கை போனால் அதுவும் போகும். மாலை போட்ட படத்தில் இருந்து அதைத் திருப்பி எடுக்க ஏலாது.

பறை அடிச்சவங்க கதை இதைவிட மோசம். அவங்களுக்குப் பொன்னாடையும் இல்ல, நினைவு மலரும் இல்ல. ஊரில் எல்லாருடைய சாவுக்கும் அடிச்ச கைக்கு, அதுட சாவில் பேர் சொல்ல ஆள் இல்ல. கலைக்கு மரியாதை எண்டு மேடையில் பேசுறவங்க முதலில் இதுக்குப் பதில் சொல்லட்டும்.

"கூத்தில் புதுசாக் கை வைச்சா மரபு கெட்டுப்போகும்" எண்டது அடுத்த பயம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொண்டு போனார். கூத்து அழியவில்ல. விபுலாநந்தர் அழிந்துபோன யாழைக் கணக்குப் போட்டுத் தேடி, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். பழசின் மேல் இருந்த மரியாதைதான் அவரைப் புது வேலை செய்ய வைத்தது. அவர் சிலைக்கு வருசா வருசம் மாலை போடுற கைகளில் எத்தனை கை அந்த நூலைத் திறந்திருக்கு?

ஜாஸ் வாசிக்கச் சொல்லி நாங்க கேட்கவில்ல. ஊர்க் கூத்துக்கு அடுத்த முறை சட்டம் கொடுக்கும்போது, மறைந்த அண்ணாவியாரின் பேரில் ஒரு புது வரவுத்தாளம் கட்டுங்க. அவர் தீர்க்கிற மாதிரித் தொடங்கி உங்கட மாதிரி முடியுங்க. இருக்கிற அண்ணாவிமாரிடம் இப்பவே போய் இருந்து, கையைப் பாருங்க, போனில் பதிவு செய்யுங்க. கிட்டார் வாசிக்கிறவன் கிட்டாரில் கட்டட்டும், கீபோர்ட்காரன் கீபோர்டில் கட்டட்டும். முதல் தாளம் பிழைக்கலாம், பரவாயில்ல. ஒருத்தரை உண்மையாக் கேட்டிருக்கிறீங்க எண்டதுக்கு அது ஒன்றே சாட்சி.