மூன்று அறைக்கு மூன்று எண்ணெய்

இந்த வாரம் எண்ணெயைப் பற்றி எழுதப் போகிறேன். உடனே, "தலைக்கா, தாளிக்கவா?" என்று கேட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு! "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவ நினைக்கும் சகோதரிகள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் எண்ணெய் வாங்கியது ஆண்பிள்ளை அல்ல, என் சித்தி.

சித்தி இருப்பது மேட்டுப்பாளையத்தில். ஊட்டிக்கு மலை ரயில் ஏறுகிறோமே, அந்த மேட்டுப்பாளையம் அல்ல, புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரிகளுமாக எப்போதும் இரைச்சலாக இருக்கும் இடம். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் சித்தப்பா முப்பது வருஷம் கணக்கெழுதினார். அந்த முப்பது வருஷமும் அவரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு புல்லட். 1986-ம் வருஷத்து வண்டி. வலது காலால் கியர் போட வேண்டிய பழைய ரகம். சித்தியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்த வண்டிதான், அந்தக் குழந்தையைப் பின்னாளில் காலேஜில் சேர்த்துவிட்டு வந்ததும் அதே வண்டிதான்.

சித்தப்பாவுக்கு அறுபது நிறைந்தது. வேட்டி, மோதிரம் எல்லாம் பிள்ளைகள் வாங்கினார்கள். சித்தி என்ன செய்தாள் தெரியுமா? யாருக்கும் சொல்லாமல், சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்ததை எடுத்துக்கொண்டு ஓர் எண்ணெய்க் கடைக்குப் போனாள். "இருக்கிறதிலேயே ஒசத்தியா ஒண்ணு கொடு தம்பி" என்றாள். கடைக்காரர் பளபளவென்று ஒரு டின்னை எடுத்து வைத்தார். முழு ஸிந்தெடிக். காருக்கான எண்ணெய். என்ன வண்டிக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

சித்தப்பா டின்னைப் பார்த்தார். சித்தியின் முகத்தையும் பார்த்தார். "அட, இதுவா! ராஜா வீட்டு எண்ணெயாச்சே!" என்று சொல்லி, அன்றைக்கே பழைய எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, வண்டியில் எங்கெங்கே எண்ணெய் ஊற்றும் வாய் உண்டோ அங்கெல்லாம் இதையே ஊற்றினார்.

மூன்று வாரம் கழித்து நான் போயிருந்தேன். வாசலில் போட்ட கோலத்தின் ஓரத்தில் கறுப்பாய் எண்ணெய்ச் சொட்டு. "முன்னெல்லாம் இப்படிச் சொட்டாதுடி. வயசாயிடுச்சு போலிருக்கு" என்றாள் சித்தி. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் கடைக்குப் போவதற்கே அரை மணி முன்னால் கிளம்பினார். "ஏன் சித்தப்பா இவ்வளவு சீக்கிரம்?" என்றால், "சும்மாத்தான் கண்ணு, காத்தாட" என்றார்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை வெளிப்பட்டது. இருவரும் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நான் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் பாதி ஏற்றம் ஏறியதும் புல்லட் 'ஓ' வென்று அலறியதாம். அலறலுக்கு ஏற்ற வேகம் இல்லை; இருந்த வேகமும் குறைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு நெருங்கி வந்துவிட்டது. சித்தி குதித்து இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளியிருக்கிறாள்! கோயிலில் என்னைப் பார்த்தபோதும் அவளுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் நானும் கூடப் போனேன். அவர் வண்டியின் இடது பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன சார் ஊத்தினீங்க? கார் ஆயிலா?"

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். சித்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நான்தான் தம்பி வாங்கினேன். ரொம்ப ஒசத்தின்னு சொன்னாங்களே..." என்றாள்.

"ஒசத்திதாம்மா. காருக்கு ஒசத்தி!" என்றார் மெக்கானிக்.

அன்று அந்தப் பட்டறை வாசலில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் சமையலறையில் எத்தனை எண்ணெய்? ஊறுகாய்க்கு நல்லெண்ணெய், அப்பளம் பொரிக்கக் கடலெண்ணெய், தலைக்குத் தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டது என்பதற்காக அதில் ஆவக்காய் போடுவோமா? பழைய புல்லட்டும் ஒரு சமையலறைதான். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தார்களே, அதற்கு மறு வருஷம், 1955-ல், சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அவர்கள் செய்தது இங்கிலாந்தில் பிறந்த வண்டியின் அமைப்பு. அதில் எண்ணெய்க்கு மூன்று தனித்தனி அறைகள். எஞ்சினுக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று, எஞ்சின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் சங்கிலி ஓடுகிறதே, அந்த 'பிரைமரி' உறைக்கு ஒன்று. ஓர் அறை எண்ணெய் இன்னோர் அறைக்குப் போகாது.

வம்பு வந்தது மூன்றாவது அறையில். கிளட்ச் என்பது அடுக்கி வைத்த தட்டுகள். அவை ஒன்றையொன்று அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். கார்களில், சாதாரணமாகக் கையால் கியர் போடுகிறவற்றில், இந்தக் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலோ பெரும்பாலும் எண்ணெயில் முழுகிக் கிடக்கிறது. கார் எண்ணெய் செய்கிறவர்கள் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று வழுக்கலைக் கூட்டும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. தட்டுகள் பிடிக்க வேண்டிய இடத்தில் அந்த வழுக்கல் வந்தால்? எஞ்சின் அலறும், வண்டி நகராது! சித்தப்பாவுக்கு இது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதாம். மேடு இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போயிருக்கிறார். அரை மணி முன்னால் கிளம்பியதன் ரகசியம் அதுதான். "ஏங்க, சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சித்தி கேட்டதற்கு, "நீ ஆசையா வாங்கினது" என்றார். அந்த மூன்று வார மௌனத்தில் இரண்டு தட்டுகள் தேய்ந்து கருகிப் போயிருந்தன. புதிது போட வேண்டியதாயிற்று. மற்றவற்றைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தே சரிசெய்துவிட்டார் மெக்கானிக்.

கியர் பெட்டியின் கதை வேறு. அந்தக் காலத்து நாலு கியர் பெட்டிக்கு இன்றைக்கு இருப்பது போன்ற இறுக்கமான அடைப்புகள் இல்லை. அதற்காகவே நெய் பாதி உறைந்தாற்போல் இருக்கும் இளகின கிரீஸைக் கெட்டி எண்ணெயோடு சேர்த்துப் போடுவார்கள். சித்தி வாங்கியதோ தண்ணீர் மாதிரி. நிற்குமா? கோலத்தில் வந்து இறங்கிவிட்டது! இங்கே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கியர் எண்ணெய் டின்களில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று போட்டிருக்கும். ஐந்து என்றால் நாலைவிட மேல் என்று நாம் நினைப்போம். ஐந்தில் கந்தக மருந்து அதிகம். பழைய பெட்டிகளில் இருக்கும் வெண்கலப் புஷ்களுக்கு அது சில சமயம் ஒத்துக்கொள்ளாது. கூடுதல் நம்பர் கூடுதல் நன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மிச்சம் இருப்பது எஞ்சின். டின்னில் '20டபிள்யூ-50' என்று எழுதியிருக்கிறதே, அந்த டபிள்யூ ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிப்பது. முன்னால் இருக்கும் எண் சிறியதாக ஆக, அதிகக் குளிரிலும் எண்ணெய் இறுகாது. 20 என்று போட்ட எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் சோதிக்கிறார்கள்; 0 என்று போட்டதைப் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியில்! மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வையே அதிகம் என்கிற புதுச்சேரியில் அந்தப் பூஜ்யத்துக்குக் காசு கொடுப்பானேன்? பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். எஞ்சின் கொதிக்கும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது சொல்கிறது. காற்றால் மட்டுமே குளிர வேண்டிய பழைய புல்லட்டுக்கு 50 வேண்டும். சித்தியின் டின்னில் இருந்தது 20. எஞ்சின் 'கடகட' வென்று பாத்திரம் உருட்டியது அதனால்தான்.

அப்படியானால் ஸிந்தெடிக் என்பதே ஏமாற்றா? இல்லை, அப்படி நான் சொல்லவில்லை. பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து எடுப்பது சாதாரண எண்ணெய். அதில் பெரிதும் சிறிதுமாகப் பலவித அணுக்கூட்டங்கள் கலந்திருக்கும். ஸிந்தெடிக்கில் அவற்றை வேண்டிய அளவில், ஒரே சீராகக் கட்டிச் செய்கிறார்கள். அதனால் அதிகச் சூட்டிலும் சீக்கிரம் ஆவியாகாது, கருகாது, நாள்பட உழைக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலியத்துக்குத் திண்டாடிய ஜெர்மனி இந்த வித்தையில் மும்முரமாக இறங்கியது. பிரெஞ்சுக் கம்பெனியான மோட்டுல் 1971-ல் 'எஸ்டர்' என்ற வகையில் பந்தய எண்ணெய் செய்து விற்றது.

எஸ்டர் என்றதும் பயந்துவிடாதீர்கள். நம் வீட்டு விளக்கெண்ணெயும் ரசாயனப்படி எஸ்டர்தான்! 1909-ல் லண்டனில் வேக்ஃபீல்டு கம்பெனி தன் எஞ்சின் எண்ணெயில் விளக்கெண்ணெயைச் சேர்த்தது. காஸ்டர் ஆயில் கலந்த அந்தச் சரக்குக்கு வைத்த பெயர்தான் காஸ்ட்ரால். முதல் உலக யுத்தத்து விமானங்கள் பல விளக்கெண்ணெயில்தான் பறந்தன. எஞ்சின் அதை வாரி இறைக்குமாம், விமானியின் முகமெல்லாம் விளக்கெண்ணெய்! நாளானால் பிசின் போல் ஒட்டிக்கொள்வது ஒன்றுதான் அதற்குக் குறை. (பேதிக்குக் கொடுக்க என் பாட்டி துரத்தியபோது இதெல்லாம் தெரிந்திருந்தால், "விமானத்துக்கு வேண்டுமாம் பாட்டி" என்று தப்பித்திருப்பேன்.)

ஆனால் டின்னில் 'ஸிந்தெடிக்' என்று போட்டிருப்பதெல்லாம் இந்த ரகம் என்று நம்பவும் வேண்டாம். கச்சா எண்ணெயையே மிகக் கடுமையாகச் சுத்திகரித்து அந்தப் பெயரில் விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் வழக்கு நடந்தது. விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு 1999-ல் 'விற்கலாம்' என்று சொல்லிவிட்டது. அந்த எண்ணெயும் மோசமில்லை. பெயருக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

பழைய புல்லட்டில் எண்ணெய் கெடுவதைவிட அழுக்காவதுதான் அதிகம். நாள்பட உழைக்கும் எண்ணெயை ஊற்றினாலும், கரி சேர்ந்ததும் வடித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே நல்ல கம்பெனியின் சாதாரண 20டபிள்யூ-50 எண்ணெயை ஊற்றிக் காலாகாலத்தில் மாற்றுவதே சிக்கனம். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்ததாகப் பார்த்து வாங்கினால் பிரைமரி உறைக்கும் அதிலேயே அரை லிட்டருக்குக் குறைவாக ஊற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் இருப்பது புதிய வண்டியா? சங்கதி வேறு. 2008-லிருந்து படிப்படியாக வந்த ஒற்றைக் கட்டு எஞ்சின்களில் மூன்று அறையும் ஒன்றாகிவிட்டது. ஒரே எண்ணெய் எஞ்சினில் வேக வேண்டும், கியர்ப் பற்களுக்கிடையில் நசுங்க வேண்டும், கிளட்சையும் வழுக்காமல் பிடிக்க விட வேண்டும். ஏழு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டுகிற கூட்டுக் குடும்பம் மாதிரி! அங்கே அரை ஸிந்தெடிக்கோ முழு ஸிந்தெடிக்கோ கொடுக்கிற காசுக்கு உழைக்கும். எந்த நம்பர் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பான். அதை மீற வேண்டாம்.

கடையில் என்ன பார்ப்பது? டின்னின் முன்பக்கத்துப் படங்களை விடுங்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா? கிளட்ச் வழுக்காது என்று சோதித்துப் பார்த்த எண்ணெய்க்கு ஜப்பானியர் 1990-களின் இறுதியில் ஏற்படுத்திய அடையாளம் அது. எம்.பி. என்று இருந்தால் அது வழுக்கல் ரகம். கியர் மாற்றும் வேலை இல்லாத ஸ்கூட்டர்களுக்குப் போகும். எரிபொருள் மிச்சம் என்று பெருமை பேசும் கார் டின்னை அங்கேயே வைத்துவிடுங்கள்.

சித்தி இப்போது இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாள். போன வாரம் டெலிபோனில், "அந்தக் கடைக்கே போனேன்டி. டின்னைத் திருப்பி எம்.ஏ. எங்கேன்னு கேட்டேன். அந்தத் தம்பி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டான்!" என்றாள்.

அந்த ராஜா வீட்டு எண்ணெயில் டின்னின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சித்தப்பா அதை வாசல் கேட்டுக் கீல்களுக்கு விட்டுவிட்டார். முன்பெல்லாம் அவர் வந்தால் கேட்டு கிரீச்சிடும். சித்தி காப்பிக்குப் பால் வைப்பாள். இப்போது சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறாராம், காப்பி தினம் தாமதமாகிறதாம்.