விழாவுக்கு எத்தனை வாசல்?

டிசம்பர் பிறந்தால் தில்லி ஆரம்பப் பள்ளிகளில் பாடம் பாதி, விழா பாதி என்று ஆகிவிடும். வகுப்பறைச் சுவரில் ஜிகினா நட்சத்திரங்கள் ஏறும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் மரம் முளைக்கும். ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 25ஆம் தேதி விடுமுறை. ஜனவரி பிறந்தவுடன் குளிர்கால விடுமுறை. ஆகவே எல்லாவற்றையும் இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் அடைத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குப் பெருமை, தாத்தா பாட்டிக்கு ஊருக்கு அனுப்பப் புகைப்படம்.

இந்தத் தலைநகரில் 31 ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் அனுபவத்தில், வருஷத்தின் மற்ற மாதங்களில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பயம் இருந்ததில்லை. டிசம்பரில் மட்டும் இருந்தது. காரணம் எளியது. சின்னப் பிள்ளைகளைக் காப்பது பூட்டும் காவலாளியும் அல்ல, அன்றாட ஒழுங்குதான். அதே மணி, அதே வரிசை, அதே இருக்கை, அதே ஆயா, அதே வேன். ஒரு பிள்ளை இல்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் டீச்சருக்குத் தெரிந்துவிடும். டிசம்பரில் இந்த ஒழுங்கு கலைகிறது. மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒப்பனைக்குக் காத்திருப்பார்கள். பந்தல் போடுபவர், மைக் செட்காரர், புகைப்படக்காரர், நடன மாஸ்டர் என்று முன்பின் அறியாதவர்கள் வந்து போவார்கள். ஜாக்கிரதையைக் கூட்ட வேண்டிய நேரத்தில் நாம் அதைத் தளர்த்திவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

பள்ளியில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது பற்றி நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு சர்ச்சை எழுகிறது. 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாப்பூர் மாவட்டக் கல்வி அலுவலகம், பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுவதற்கு முன்பு பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும் என்று பள்ளிகளுக்கு உத்தரவு அனுப்பியது. பத்திரிகைகளில் ஆதரவும் எதிர்ப்புமாகப் பேசப்பட்டது. வேஷம் போடலாமா கூடாதா என்று இத்தனை பேர் வாதிடுகிறோமே, அந்த வேஷத்தின் துணி என்ன, தாடி என்ன, அரங்கத்துக்கு எத்தனை வாசல் என்று யாராவது கேட்டோமா? பெற்றோரிடம் பள்ளி எழுதி வாங்குவது இருக்கட்டும். பள்ளியிடம் பெற்றோர் எழுதி வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "விழா முடியும் வரை எல்லா வாசல்களும் திறந்திருக்கும்" என்ற ஒரு வரி!

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஹரியானாவின் சிர்சா மாவட்டத்திலுள்ள மண்டி டப்வாலி என்ற ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1995 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளும் பெற்றோருமாகச் சுமார் 1500 பேர். மேலே செயற்கை இழைத் துணியில் பந்தல். நடுப்பகல் தாண்டிய நேரத்தில் பந்தலில் தீப்பிடித்தது. உருகிய துணி நெருப்புத் துளிகளாகக் கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தது. வெளியேற எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 440 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தொடுத்த இழப்பீட்டு வழக்கில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2009இல். மண்டபம் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவிடமும் நூலகமும் இருக்கின்றன. 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

கும்பகோணத்தின் பெயர் நமக்குத் தெரியும். 2004 ஜூலை 16ஆம் தேதி, சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைக் கொண்டுபோனது. அங்கும் குறுகிய வழிதான் பிள்ளைகளை அடைத்தது. அந்தத் துயரத்தை அடுத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கல்வி பெறும் உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும், தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அவற்றை இயக்கப் பயிற்சி வேண்டும் என்றது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் டப்வாலி விழா நடந்தது பள்ளிக் கட்டடத்தில் அல்ல, வாடகை மண்டபத்தில் என்பதை மறந்துவிடக் கூடாது. பள்ளிச் சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்கலாம். விழா நடக்கும் மைதானப் பந்தலில் அது இருக்கிறதா?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், விழா நாளன்று பக்கவாசலைப் பூட்டிவிடுவது வழக்கம். கேட்டால், "அழையாதவர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள்" என்பார்கள். அழையாதவர்களைத் தடுக்க ஒரு ஆளை நிறுத்தலாமே! பூட்டுக்கு வாயில்லை; ஆபத்து வந்தால் அது தானாகத் திறக்காது. அதே பள்ளியில் ஒரு வருஷம், மெழுகுவர்த்தி ஏந்திப் பாட்டுப் பாடும் வரிசையில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக நின்ற ஏழு வயதுப் பையனின் பஞ்சுத் தாடியில் பொறி பட்டது. பக்கத்தில் நின்ற டீச்சர் தன் கம்பளிச் சால்வையால் அமுக்கி அணைத்தார். பையனுக்குத் தாடையில் சின்னக் காயத்தோடு போயிற்று. அடுத்த வருஷமும் பஞ்சுத் தாடி வந்தது, மெழுகுவர்த்தியும் வந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பஞ்சு நொடியில் பற்றும். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டும். கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் தேவதை இறக்கை, பளபளக்கும் கவுன், சிவப்புக் கோட்டு எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்தால் பாட்டின் இனிமை குறைந்துவிடாது. காகித அட்டையில் வெள்ளைச் சாயம் பூசினால் தாடி ஆயிற்று. வேஷத்துக்குள் ஒரு பருத்திச் சட்டை போட்டு அனுப்பினால் குளிருக்கும் நல்லது, நெருப்புக்கும் நல்லது. உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, நின்று, படுத்து, உருள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட அரை மணியில் வந்துவிடும். பெரியவர்களுக்கு ஒன்று: தீக்காயத்தின் மேல் மையும் பற்பசையும் இட்லி மாவும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டு, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிரும் ஓர் ஆபத்துதான். தில்லி டிசம்பர்க் காலையில் ஏழெட்டு டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் மெல்லிய வேஷத்துடன் பிள்ளைகளை மேடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தலைமை விருந்தினருக்காகக் காத்திருக்கிறோம். விருந்தினருக்கு மேடையில் சால்வை. பிள்ளைக்கு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி உத்தரவு! குளிர் தாங்காது என்று ஒப்பனை அறையில் ஹீட்டர் வைப்பார்கள், திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே. சில இடங்களில் கரி அங்கீட்டி. மூடிய அறையில் கரி அடுப்பு விடும் நச்சுவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பிள்ளைகள் இருக்கும் அறையில் அங்கீட்டியே கூடாது. கடைசி நிமிஷம் வரை ஸ்வெட்டர் போட்டிருக்கட்டும். விருந்தினர் தாமதித்தால் விழா அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பிள்ளையை யார் அழைத்துப் போகிறார்கள் என்பது. சாதாரண நாளில் அட்டையைக் காட்டாமல் மாமாவிடம்கூடப் பிள்ளையை அனுப்ப மாட்டோம். விழா முடிந்த நாளில் பார்த்தால், "அதோ அம்மா" என்று பிள்ளை ஒரு பக்கம் ஓடும். "உங்கள் பெண் அப்போதே போய்விட்டாளே" என்று யாரோ சொல்வார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இடம், ஒரு டீச்சர், ஒரு பட்டியல், வாங்கிச் செல்பவரின் கையெழுத்து. இவ்வளவுதான் வேண்டும். மேடைக்கு ஏறும்முன் ஒரு தடவை, இறங்கிய பின் ஒரு தடவை தலையெண்ண வேண்டும். ஒப்பனை அறையில் ஆசிரியை ஒருவர் இல்லாமல் வெளியார் யாரும் பிள்ளைகளுக்கு உடை மாற்றக் கூடாது. இது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. நல்லவரும் இந்த விதிக்கு உட்பட்டால்தான் கெட்டவர் ஒதுங்குவார். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது தெரிந்தும் மறைப்பது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி குற்றம் என்பதைப் பள்ளி நிர்வாகங்கள் நினைவில் வைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகளுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

விழா முடிகிற நேரத்தையும் கவனிக்க வேண்டும். டிசம்பரில் இங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிறகு இருட்டும் பனிமூட்டமும். 1997 நவம்பர் 18ஆம் தேதி வஜீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்ததை அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. அதை அடுத்து டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு விதிகள் வகுத்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜன்னல் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பிள்ளைகளைக் கவனிக்க உடன் ஓர் ஆள், அனுபவமுள்ள ஓட்டுநர். பெற்றோரோ ஆசிரியரோ பேருந்தில் ஏறி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றுகூட அதில் உண்டு. எத்தனை பெற்றோர் ஏறிப் பார்த்திருக்கிறோம்? விழா நாளில் வழக்கமான பேருந்து இல்லையென்று பதினைந்து பிள்ளைகளை ஒரே வேனில் திணித்து அனுப்பும்போது நாம் ஏன் வாய் திறப்பதில்லை? விழாவைக் காலையில் வைத்து மூன்று மணிக்குள் முடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

"இப்படியெல்லாம் பயந்தால் விழாவே நடத்த முடியாது" என்று சில தலைமையாசிரியர்கள் சொல்வார்கள். அவர்களுடைய சங்கடம் எனக்குத் தெரியும். ஆள் பற்றாது, நேரம் பற்றாது, பெற்றோருக்கு மேடை அலங்காரம் ஒன்றும் குறையக் கூடாது. ஆனால் நான் சொன்னவற்றில் காசு பிடிக்கும் காரியம் எது? பூட்டைத் திறப்பதற்குக் காசு வேண்டாம். தலையெண்ணக் காசு வேண்டாம். தொடக்கத்தில் மைக்கைப் பிடித்து, "வாசல்கள் இங்கே, அங்கே" என்று காட்ட அரை நிமிஷம் போதும். விமானத்தில் ஒவ்வொரு தடவையும் காட்டுகிறார்களே, யாராவது கோபித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்களா? விழாவை நிறுத்தச் சொல்லும் கட்சி அல்ல நான். மேடையில் முதன்முதலாக நின்று, ஒரு வரி பாடி, கைதட்டல் வாங்கும் பிள்ளையின் முகத்தை 31 வருஷம் பார்த்தவள். அந்த முகத்துக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். முன்னதாகக் காத்துக்கொள்ளாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன்னே வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்தக் குறளை நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்விக்கிறோம். விழாப் பந்தலின் கீழ் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

தமிழர்களான நாம் இந்த ஊரில் பள்ளி நிர்வாகத்திடம் கேள்வி கேட்கக் கொஞ்சம் கூசுகிறோம். ஹிந்தி சரளமாக வராது என்ற தயக்கம் ஒரு பக்கம். நம் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் மறு பக்கம். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், மேடை அலங்காரம் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளை வைத்துவிடுங்கள். எத்தனை வாசல்? யார் எண்ணுவார்கள்?

ஊருக்கு உபதேசம் செய்தால் போதாது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றே வாரத்தில் பொங்கல். நம் சங்கங்களிலும் பிள்ளைகளின் நடனம் உண்டு, நாடகம் உண்டு, ஒப்பனை அறை உண்டு, பின்வாசலில் ஒரு பூட்டும் உண்டு. இந்த வருஷப் பொங்கல் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும், வரவேற்புரைக்கு முன்பாக, வாசல்களைக் காட்டும் அந்த அரை நிமிஷ அறிவிப்பை நிர்வாகக் குழு சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பின்வாசல் சாவியோடு நிற்க யாரும் கிடைக்காவிட்டால் நானே நிற்கிறேன்.