பெயரைச் சொன்னால் குற்றம், மறைத்தால் காப்புரிமை

2025 செப்டம்பரில் ‘ஆல்கமைஸ்டு’ என்றொரு தடித்த நாவல் அமெரிக்காவில் வெளியானது. எழுதியவர் சென்லின்யூ, அது புனைபெயர். இந்தக் கதையின் முதல் வடிவத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே ‘மேனக்கிள்ட்’ என்ற பெயரில் இணையத்தில் பெருங்கூட்டம் இலவசமாகப் படித்து முடித்திருந்தது. அப்போது நாயகி ஹெர்மயனி, நாயகன் டிரேகோ மால்ஃபாய். ஹாரி பாட்டர் உலகத்தை எடுத்துக்கொண்டு, மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் இருட்டையும் கலந்து எழுதிய ரசிகர் புனைவு அது. அச்சுக்கு வந்தபோது ஹெர்மயனி ஹெலனா ஆனாள். டிரேகோ கெயின் ஆனான். மந்திரம் போய் ரசவாதம் வந்தது. பழைய பிரதி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இது முதல்முறை அல்ல. ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற 2011-ஆம் ஆண்டு நாவல், ‘டுவைலைட்’ ரசிகர் புனைவாகப் பிறந்ததுதான். அலி ஹேசல்வுட்டின் ‘தி லவ் ஹைபோதிசிஸ்’, ‘ஸ்டார் வார்ஸ்’ ஜோடியொன்றைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் குடிபெயர்த்த கதை. இந்தப் பூர்விகத்தைச் சொல்லப் பதிப்பாளர்களுக்கு ஒருகாலத்தில் கூச்சம் இருந்தது. இன்று அதுவே விளம்பரம். ஆனால், கதைக்குள் மூலத்தின் ஒரு பெயர்கூட எஞ்சக் கூடாது.

ரசிகர் புனைவு என்றாலே நம்மூரில் உடனே கம்பரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வால்மீகியின் கதையை அவர் மாற்றி எழுதவில்லையா, புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் அகலிகையை மறுபடி கல்லாக்கவில்லையா என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதம் உதவாது. வால்மீகிக்கு ராயல்டி போவதில்லை. அவர் சார்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவும் ஆளில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து எழுதியதுதான் பொருத்தமான உதாரணம். கண்முன் வாழ்ந்து மறைந்த ஓர் எழுத்தாளரின் கற்பனைப் பாத்திரங்களை, அந்தக் கதையை ஏற்கெனவே நேசித்த வாசகர்களுக்காகவே இன்னொருவர் கையில் எடுத்தார். அதைத் திருட்டென்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. காரணம், எங்கிருந்து எடுத்தார் என்பது ஊருக்கே தெரியும்.

ரசிகர் புனைவின் முதல் அறம் இதுதான். யாருடைய பாத்திரம், எந்த உலகம், எந்த ஜோடி என்று முதல் வரிக்கு மேலேயே எழுதிவைப்பார்கள். வன்முறை இருக்கிறதா, முக்கியப் பாத்திரம் சாகிறதா என்ற எச்சரிக்கையும் அங்கேயே நிற்கும். பிடிக்காவிட்டால் திறக்காதே, திறந்துவிட்டுத் திட்டாதே என்பது வாசகருக்கான விதி. நம் இலக்கியச் சண்டைகளில் இந்த விதி பாதியளவு இருந்தாலே நிம்மதியாக இருக்கும்.

சட்டம் இதை நேர்தலைகீழாகப் பார்க்கிறது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், கதைக்கருவுக்குக் காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்றது. அமெரிக்காவிலும் அடிப்படை இதுவே. ஆகவே பெயர்களை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம். பெயரை வைத்துக்கொண்டு காலணா வாங்காமல் எழுதுகிறவர்தான் மாட்டுவார். 2000-இல் நாவலாசிரியர் ஆன் ரைஸ் தன் வாம்பயர்களை யாரும் தொடக் கூடாது என்று சொன்னபோது, ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் அந்தக் கதைகளை அகற்றியது. கடனை ஒப்புக்கொண்டவர் குற்றவாளி. கடன்பத்திரத்தைக் கிழித்தவர் உரிமையாளர்.

பெயர் மாற்றி விற்கிறவரை நான் குறை சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதியவர் சம்பாதித்தால் என்ன குறைந்துவிடும்? எனக்கு உறுத்துவது வேறு. 2009-இல் திறக்கப்பட்ட ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் விளம்பரம் கிடையாது, கதைக்குக் காசு கேட்கவும் கூடாது. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், நன்கொடையில் ஓடுகிறது. 2019-இல் ஹ்யூகோ விருதும் பெற்றது. இங்கே ஓர் அத்தியாயம் வெளிவருமுன் யாரோ ஒருவர் கூலியின்றி பிழை திருத்துகிறார். வந்த பிறகு இன்னொருவர் ஓவியம் வரைகிறார், வேறொருவர் மொழிபெயர்க்கிறார், நூற்றுக்கணக்கானவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று எழுத்தாளரோடு வாதாடுகிறார்கள். கதை நீக்கப்படும்போது இந்த உரையாடலும் அதோடு அழிகிறது. கதையை விட்டுவைத்துத் தன் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி அந்தத் தளத்தில் இருக்கிறது. ஆனால், முழுக்கதையும் இலவசமாகக் கிடைக்கையில் எந்தப் பதிப்பாளர் அதன் மறுபிறவியில் பணம் போடுவார்?

வாசகர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பிடித்த கதையை வீட்டில் அச்செடுத்து, தைத்து, கெட்டி அட்டை போட்டு வைத்துக்கொள்வது அழகான பழக்கம். சிலர் அப்படிக் கட்டிய புத்தகங்களை எட்ஸி போன்ற தளங்களில் விற்கத் தொடங்கினார்கள். லாபம் அவர்களுக்கு, வழக்கு வரும் அபாயம் எழுத்தாளருக்கு. ‘மேனக்கிள்ட்’ இந்த விற்பனையில் வசமாகச் சிக்கியது. கதையை மாற்றியெழுதி வெளியிட அதுவும் ஒரு காரணம் என்று சென்லின்யூவே சொல்லியிருக்கிறார். 2025-இல் ஆர்க்கைவின் சுமார் 1 கோடியே 26 லட்சம் படைப்புகளை யாரோ சுரண்டியெடுத்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவாக ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றினார்கள். தளத்தை நடத்தும் அமைப்பு எதிர்த்தது. அன்பளிப்பாக வைத்ததைக் கேட்காமல் அள்ளிப் போனால் கோபம் வருவது இயல்பு.

உயிருள்ள மனிதர்களை வைத்துப் புனைவது வேறு கணக்கு. டிரேகோவுக்கு மனம் புண்படாது. அன்னா டாடின் ‘ஆஃப்டர்’ ஒன் டைரக்‌ஷன் இசைக்குழுவின் ஹாரி ஸ்டைல்ஸை வைத்து வாட்பேட் என்ற இணையக் கதைத் தளத்தில் எழுதப்பட்டது. பிறகு புத்தகமாகி, படமுமானது. காதலியை ஆட்டிப்படைக்கும் ஒரு நாயகனாக உலகம் தன்னைப் படிப்பதற்கு அந்த இளைஞர் எப்போது சம்மதித்தார்? ஆனாலும், இதற்கு மருந்து தடை அல்ல. 2020 பிப்ரவரியில் சீன நடிகர் ஷியாவ் சானைப் பற்றிய ஒரு புனைவால் கொதித்த அவருடைய ரசிகர்கள் அதிகாரிகளிடம் புகார் செய்தார்கள். அந்த மாத இறுதியில் சீனாவில் ஆர்க்கைவ் மொத்தமாக முடக்கப்பட்டது. அந்த நடிகரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதவர்களின் கதைகளும் சேர்ந்து போயின. கோபம் நடிகர் மேலேயே திரும்பி, அவர் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது.

தமிழிலும் வாட்பேடில் தொலைக்காட்சித் தொடர் ஜோடிகளின் கதைகள் குவிந்து கிடக்கின்றன. எழுதுகிறவர்களை நம் சட்டம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அவர்களுக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், செய்தி போன்றவற்றை உரிமை மீறல் அல்ல என்று பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் இன்னும் ஓர் உட்பிரிவு சேரலாம்: மூலத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, காசு வாங்காமல் எழுதும் புனைவு மீறல் ஆகாது. விற்க நினைப்பவர் உரிமையாளரிடம் அனுமதி கேட்கட்டும், அல்லது இப்போதுபோலப் பெயர்களை மாற்றிக்கொள்ளட்டும்.