ஃபியட்டா? அந்த பத்மினி கம்பெனியா?

நம்ம ஊர்ல கார் வாங்கப் போறவன்கிட்ட மூணே மூணு கேள்விதான் கேப்பாங்க. மைலேஜ் எவ்வளவு? திருப்பி வித்தா என்ன விலைக்குப் போகும்? பக்கத்து வீட்டுக்காரன் என்ன வச்சிருக்கான்? ஓட்டறதுக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நிலம் வாங்கப் போறவன் கிணத்துல தண்ணி இருக்கான்னு பாக்காம, வேலிக்கல்லு என்ன கலர்னு பாத்துட்டு வர்ற மாதிரிதான் இது.

கச்சிராயபாளையத்துல உக்காந்துகிட்டு நான் 2017-ல ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபியட் லீனியா டி-ஜெட் எடுத்தேன். 2011 மாடல். வீட்டுக்கு ஒரே கார் அதுதான். வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கேள்வி நின்னபாடில்லை. டீக்கடையில கேக்கறாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில சாம்பார் ஊத்தற கேப்புல கேக்கறாங்க. "என்ன மாப்ளே, போயும் போயும் ஃபியட்டா? பத்மினி கம்பெனியாச்சே அது!" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல்ல இந்த பத்மினி மேட்டரை முடிச்சிடுவோம். பத்மினியை ஓட்டினவங்க நம்ம அப்பா, பெரியப்பா காலத்து ஆளுங்க. 1964-ல ஃபியட் 1100 டிலைட்டுன்னு வந்த அதே உடம்பைத்தான் பேரை மட்டும் மாத்தி மாத்தி 2000 வாக்குல வரைக்கும் ஓட்டுனாங்க. செஞ்சது யாரு? பம்பாய் குர்லாவுல இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். ஃபியட்கிட்ட லைசென்ஸ் வாங்கிச் செஞ்ச உள்ளூர் கம்பெனி. ஏன் முப்பத்தஞ்சு வருஷமா மாத்தலை? மாத்த வேண்டிய அவசியம் இல்லை! லைசென்ஸ் ராஜ்யத்துல கார் கேட்டு மனு போட்டுட்டு ஜனங்க வருஷக் கணக்கா காத்துக் கிடந்தாங்க. வரிசையில நிக்கறவனுக்கு எதுக்குப் புது மாடல்? அந்தக் காலத்துப் பொருளாதாரக் கொள்கை செஞ்ச பாவத்தை இத்தாலிக்காரன் தலையில கட்டிட்டோம். பம்பாய்ல கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோட ரோட்டை விட்டே போயிடுச்சு. ஆனா நம்மாளுங்க மனசுல மட்டும் இன்னும் மீட்டர் போட்டுக்கிட்டு ஓடுது :-)

இப்ப அடுத்த பாயிண்ட். இதைக் கேட்டா நிறைய பேருக்குக் கோவம் வரும்.

என்னை நக்கல் பண்ணின மச்சான் ஒருத்தர் டீசல் ஸ்விஃப்ட் வச்சிருக்கார். "இஞ்சின்னா இதான்டா இஞ்சின்"னு பெருமை அடிப்பார். பெருமைப்பட வேண்டிய இஞ்சின்தான், நான் மறுக்கலை. ஆனா அந்த 1.3 லிட்டர் டீசல் இஞ்சின் யாரோடது தெரியுமா? ஃபியட்டோட மல்டிஜெட். 2007-ல ஸ்விஃப்ட்டுக்கு வந்துச்சு. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், அந்தப் பக்கம் டாடாவோட இண்டிகா விஸ்டா, மான்சா, ஜெஸ்ட்னு ஊரெல்லாம் ஓடிச்சு. மாருதி அதுக்கு டி.டி.ஐ.எஸ்னு பேரு வச்சான், டாடா குவாட்ராஜெட்னு வச்சான். உள்ள இருந்தது ஒரே சரக்கு. கார்க்காரங்க அதுக்கு இந்தியாவோட தேசிய இஞ்சின்னே பட்டப்பேரு வச்சிருந்தாங்க. இன்னிக்கு எல்லா டீசல் கார்லயும் இருக்கற காமன் ரெயில் முறையை மொதமொதல்ல சொகுசுக் காருக்குக் கொண்டு வந்ததும் ஃபியட் குடும்பம்தான். 1997-ல ஆல்ஃபா ரோமியோ 156.

ஆக, பானெட்டுக்கு உள்ள இருந்தா தேசிய இஞ்சின், பானெட்டுக்கு மேல பேரு எழுதியிருந்தா ஓட்டை வண்டி. இது என்ன நியாயம் சாமிகளா? சமைச்சவன் கையால சாப்பிட மாட்டேன், ஆனா அதே சாப்பாட்டை வேற வாழை இலையில வச்சா மூணு தரம் சோறு வாங்கிச் சாப்பிடுவேன்னு சொல்ற மாதிரி இல்ல?

சரி, டி-ஜெட்டுக்கு வருவோம். லீனியா இந்தியாவுக்கு 2009-ல வந்துச்சு. புனேக்குப் பக்கத்துல ரஞ்சன்காவ்ல செஞ்சாங்க. 2010-ல டர்போ பெட்ரோல் போட்டு டி-ஜெட்னு விட்டாங்க. 1.4 லிட்டர் இஞ்சின், 114 ஹார்ஸ் பவர், 207 நியூட்டன் மீட்டர் டார்க். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. அதே காலத்துல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கின ஹோண்டா சிட்டியில 1.5 லிட்டர், 118 ஹார்ஸ் பவர், 146 நியூட்டன் மீட்டர். காகிதத்துல பாத்தா சிட்டிக்கு நாலு குதிரை கூட. உடனே "பாத்தியா, சிட்டிதான் ஒசத்தி"ம்பாங்க. இருங்க, இன்னும் பாதி கதை இருக்கு.

சிட்டி அந்த 118-ஐக் குடுக்கறது 6600 ஆர்.பி.எம்ல. 146 டார்க் குடுக்கறது 4800-ல. டி-ஜெட் தன்னோட 207-ஐ 2200-லயே குடுத்துடுது. இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியணும்னா எங்க ஊருக்கு வாங்க. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுங்க. கொண்டை ஊசி வளைவுல வண்டி வேகம் செத்துப் போய், ரெண்டாவது கியர்ல திரும்பி மேட்டுல எந்திரிக்கணும். முன்னாடி ஒரு லோடு வண்டி மூச்சு வாங்கிக்கிட்டுப் போகுது. தாண்டறதுக்குக் கிடைக்கற நேரான ரோடு கொஞ்சூண்டு. அந்த எடத்துல இஞ்சினை 4800 வரைக்கும் கதற விட்டு சக்தியைத் தேடப் போறீங்களா, இல்ல லேசா மிதிச்சதும் பின்னாடி இருந்து ஒருத்தன் தள்ளற மாதிரி வேணுமா? கல்வராயன் மலையில இருக்கறவனுக்கு இது ஸ்டைல் இல்லீங்க, பாதுகாப்பு. எதிர்ல பஸ் வர்றதுக்குள்ள நம்ம லேனுக்குத் திரும்பி வந்துடணும், அவ்ளோதான்.

கீழ இறங்கினா கரும்பு வெட்டற சீசன்ல எங்க ஊர் சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டருங்க ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும். அங்கயும் அதே கதைதான். கள்ளக்குறிச்சியில சேலம் - உளுந்தூர்பேட்டை ஹைவேயில ஏறிட்டா அந்த ஸ்டியரிங் கனமா, நங்கூரம் போட்ட மாதிரி நிக்கும் பாருங்க. சொன்னா புரியாது, ஓட்டிப் பாக்கணும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. 2000 ஆர்.பி.எம்முக்குக் கீழ டர்போ தூங்கும், கியரைக் குறைச்சு எழுப்பணும். பெட்ரோல் நல்லாவே குடிக்கும், மலையில லிட்டருக்குப் பத்து குடுத்தா கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம். மல்டிஜெட்ல இருக்கறது செயின், இதுல டைமிங் பெல்ட், சொன்ன கெடுவுல மாத்தியே ஆகணும். மாத்தாம விட்டா இஞ்சினே போயிடும். ஒரு தடவை கூலண்ட் ஹோஸ் ஒண்ணு போச்சு. சாமான் வர ஒம்பது நாள் ஆச்சு. ஒம்பது நாளும் பைக்குதான், வீட்ல அர்ச்சனை தனி. இதெல்லாம் மெஷினைப் பத்தின நியாயமான கேள்விங்க. இதைக் கேளுங்க, உக்காந்து பதில் சொல்றேன். "பழைய கம்பெனி"ங்கறது கேள்வியே இல்லை, வதந்தி.

அடுத்த அஸ்திரம் ரீசேல். "வித்தா ஒண்ணும் தேறாது மாப்ளே." சரி மாமா, ஒத்துக்கறேன். ஆனா அதனாலதானே இது என் கைக்கு வந்துச்சு? அதே வருஷத்து சிட்டிக்குச் சொன்ன விலையில பாதிக்குக் கொஞ்சம் மேல குடுத்து நான் இதை எடுத்தேன். விலை விழுந்த அடியெல்லாம் முதல் ஓனர் வாங்கிட்டார். ஏற்கனவே தரையில கிடக்கறது இன்னும் எங்க விழும்? ரீசேல் நல்லா இருக்குன்னு நீங்க கூடக் குடுத்து வாங்கற பணம் மட்டும் என்ன, சும்மாவா வருது? அதுவும் உங்க பாக்கெட்ல இருந்துதான். யோசிச்சுப் பாத்தா நம்மாளுங்க கார் வாங்கறது தனக்கு இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற, பேரு கூடத் தெரியாத எவனோ ஒருத்தனுக்கு. அவனுக்குப் பிடிச்ச கலர், அவனுக்குப் பிடிச்ச கம்பெனி. நாம நடுவுல சம்பளம் இல்லாத டிரைவர்!

"பேரு கெட்ட கம்பெனி ஓடிப் போயிடும், அப்புறம் திண்டாடுவே"ங்கறது கடைசி அஸ்திரம். 2019 வாக்குல ஃபியட் இங்க கார் விக்கறதை நிறுத்தினது உண்மை. ஆனா இமேஜ் பளபளன்னு இருந்தவங்க என்ன ஆனாங்க? செவர்லே 2017-ல கடையைச் சாத்திச்சு. நம்ம மறைமலைநகர்ல அவ்ளோ பெரிய ஃபேக்டரி வச்சிருந்த ஃபோர்டு 2021-ல கெளம்பறேன்னு அறிவிச்சுது. அவங்களை யாரும் தாத்தா கம்பெனின்னு சொல்லலையே? போறவன் நஷ்டக் கணக்கு பாத்துப் போறான். அதை நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து இமேஜை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

இதே கதை நம்ம திருவள்ளூர்லயும் நடந்துச்சு. 1998-ல இருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்க மிட்சுபிஷி லான்சர் செஞ்சாங்க. 2006-ல ரெண்டு லிட்டர் இஞ்சினோட செடியா வந்துச்சு. உலக ராலியில டாமி மாக்கினென் 1996-ல இருந்து 1999 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் ஜெயிச்சது லான்சர்லதான். நம்ம நாட்டு ராலிக்காரங்களும் செடியாவைத் தேடித் தேடி ஓட்டினாங்க. ஜனங்க என்ன சொன்னாங்க? "அம்பாசிடர் கம்பெனி வண்டிதானே?" முடிஞ்சுது சோலி.

கம்பெனிக்காரங்க யோக்கியம்னு நான் சொல்ல வரலை. ஃபியட் 2012 வரைக்கும் டாடா ஷோரூம்ல ஒரு மூலையில நின்னுச்சு, தனிக்கடை போடறதுக்குள்ள கூட்டம் கலைஞ்சு போச்சு. ஆனா நம்ம பங்கும் இருக்கு. பழசுன்னு நாம வாங்க மாட்டோம். விக்கலைன்னு அவன் சர்வீஸ் சென்டர் தொறக்க மாட்டான். சர்வீஸ் இல்லைன்னதும் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு காலரைத் தூக்கிப்போம். நாமளே கிணத்தை மூடிட்டு, தண்ணி இல்லாத ஊருன்னு சொல்ற கதை. கடைசியில மிஞ்சறது நாலஞ்சு கம்பெனி, எல்லார் வீட்டு வாசல்லயும் ஒரே மாதிரி வெள்ளைக் காரு. ஓட்டற சந்தோஷத்துக்காக ஒரு வண்டி செஞ்சு பாப்போம்னு நெனைக்கறவன் இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா?

அதனால சொல்றேன். எந்தக் கம்பெனி காரா இருந்தாலும் நாலு விஷயம் பாருங்க. நீங்க தினமும் போற ரோட்டுல அதை ஓட்டிப் பாருங்க, ஷோரூம் வாசல்ல இல்லை. டார்க் எந்த ஆர்.பி.எம்ல வருதுன்னு பாருங்க. அந்த இஞ்சின் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் உங்க கைக்கெட்டற தூரத்துல இருக்காரான்னு பாருங்க. சாமான் எங்க கிடைக்கும்னு வாங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கடைக்கு போன் போட்டுக் கேளுங்க. இந்த நாலுல அடிவாங்கினா தாராளமா வேண்டாம்னு சொல்லுங்க, நானும் கூட நின்னு சொல்றேன். போர்டுல இருக்கற பேரு தாத்தா காலத்துதுன்னு மட்டும் சொல்லி ஒதுக்காதீங்க.

பி.கு: மச்சானோட ஸ்விஃப்ட் இப்ப ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, இஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்குன்னு போன வாரம் சந்தோஷமா சொன்னார். "ஆமா மச்சான், ஃபியட்டுன்னா சும்மாவா"ன்னேன். அதுலருந்து பேசறதில்லை.