சுருட்டு, ஈரப்பதம், இன்ஹேலர்: ஒரு நீண்ட த்ரெட்

ஒரு தம்பி டிஎம்-ல கேட்டிருந்தார். "சார், மாமா துபாய்ல இருந்து ஒரு பெட்டி சுருட்டு கொண்டு வந்தார். ரெண்டு மாசமா பீரோவுலதான் இருந்துச்சு. இப்ப எடுத்துப் பார்த்தா மேல வெள்ளையா பூத்திருக்கு. துணியால துடைச்சிட்டுப் பிடிக்கலாமா? ஈரப்பதத்தை எத்தனைல வச்சா சேஃப்?"

ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். மாசம் கார்த்திகை. பீரோவுல வேற என்ன பூக்கும்?

துடைக்கலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனா "எத்தனைல வச்சா சேஃப்" என்ற அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைக்குது. இதையே கல்வராயன் மலையில இருந்து இறங்கி வர்ற பெரியவங்க வேற மாதிரி சொல்றாங்க. "நல்ல பதமான சுருட்டுதான் டாக்டரே பிடிக்கிறேன், அது ஒண்ணும் பண்ணாது." அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். பொறுமையா படிங்க.

முதல்ல ஈரப்பதம் என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.

புகையிலை அப்பளம் மாதிரி. காற்றில் ஈரம் இருந்தா உறிஞ்சிக்கும், இல்லைன்னா விட்டுடும். ஐப்பசி மழையில நமத்துப்போற அப்பளமும் சித்திரை வெயில்ல தொட்டா நொறுங்கற அப்பளமும் ஒரே பாக்கெட்தான்.

சுருட்டை ரசிச்சுப் பிடிக்கிறவங்க பொதுவா 65-ல இருந்து 70 சதவீத ஈரப்பதம், 20 டிகிரி சுற்றி வெப்பம்னு கணக்கு வச்சிருக்காங்க. அதுக்குக் கீழே போனா மேலிலை வெடிக்கும், சுருட்டு வேகமா சூடா எரியும், நாக்கு காந்தும். மேலே போனா புகை இழுக்க வராது, ஒரு பக்கமா எரியும், அடிக்கடி அணையும். 75-ஐத் தாண்டி, கூடவே நம்ம ஊர் சூடும் சேர்ந்தா பூஞ்சை.

இதுக்காகத்தான் மரப்பெட்டி, உள்ளே ஒரு மீட்டர், ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யற சின்னப் பொட்டலங்கள் எல்லாம் விற்கிறாங்க. அந்தப் பெட்டி செய்யற மரத்துக்குப் பேர் ஸ்பானிஷ் சீடார். பேருதான் சீடார். தாவரக் குடும்பப்படி அது நம்ம வேப்பமரத்துக்குச் சொந்தக்காரன்.

மீட்டர் சரியா காட்டுதான்னு பார்க்க ஒரு வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சேறு பதத்துக்கு ஆக்குங்க. கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்கணும். அதையும் மீட்டரையும் காத்துப் புகாத டப்பாவில் போட்டு ஒரு நாள் மூடி வச்சா மீட்டர் 75 காட்டணும். உப்புக் கரைசல் தனக்கு மேலே இருக்கும் காற்றை அந்த இடத்துல நிறுத்தி வைக்கும். இயற்பியல், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். வெப்பம் 25 டிகிரி தாண்டினா இலைக்குள்ள இருக்கற வண்டு முட்டைகள் பொரிய ஆரம்பிக்கும். இது வெளிநாட்டு வண்டு ஒண்ணும் இல்ல. மஞ்சள், கொத்தமல்லி விதையில துளை போடற அதே குட்டிப் பழுப்பு வண்டுதான்.

இந்தப் பதம் பார்க்கிற வித்தையை நமக்கு யாரும் வெளிநாட்டுல இருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை. இங்கிலீஷ்ல செரூட் என்கிற சொல்லே நம்ம சுருட்டுல இருந்து போனதுதான். திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் உலகம் முழுக்கச் சுருட்டு அனுப்பின ஊர்கள். 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்ல கொலைகாரன் பிடிச்சது திருச்சினாப்பள்ளி சுருட்டுன்னு ஹோம்ஸ் சாம்பலை வச்சே சொல்லுவார். காய்ஞ்ச இலையை அப்படியே சுருட்டினா நொறுங்கிடும். ஈரம் காட்டி, வளையற பதம் வந்த பிறகுதான் கை வைக்க முடியும். சுருட்டுறவங்க அதை மீட்டர் பார்த்துச் செய்யல, விரலால செய்தாங்க.

அந்த ஈரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பனி ஈரத்தோட புகையிலை பறிக்கிறவங்களுக்கு, ஒரு பீடி கூடப் பிடிக்காமலே தலைசுற்றல், வாந்தி வரும். இலையில இருக்கற நிக்கோடின் தண்ணியில கரைஞ்சு தோல் வழியா உள்ளே போகுது. குஜராத் வயல்களில் இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. மருத்துவப் புத்தகத்துல இதுக்குப் பேரு பச்சைப் புகையிலை நோய்.

சரி, தம்பியோட வெள்ளைப் பூவுக்கு வருவோம்.

சிலர் "அது பூஞ்சை இல்ல, இலையோட எண்ணெய் உறைஞ்சது, சுருட்டு நல்லா முதிர்ந்ததுக்கு அடையாளம்"னு சொல்லுவாங்க. கார்த்திகை மாசம் பீரோவுல ரெண்டு மாசம் இருந்த பெட்டிக்கு அந்தச் சலுகையை நான் தரமாட்டேன். பஞ்சு மாதிரி, புள்ளி புள்ளியா இருந்தா பூஞ்சைன்னே எடுத்துக்கணும். துடைக்கவும் வேண்டாம். துடைக்கிறப்பதான் வித்துகள் பறக்கும். பையில போட்டுக் கட்டி வெளியே போடுங்க.

முக்கியமா, வீட்டில் யாருக்காவது முன்னாடி டிபி வந்து குணமாகியிருந்தா அந்தப் பெட்டியை வீட்டுக்குள்ள திறக்கவே திறக்காதீங்க. டிபி ஆறின நுரையீரல்ல சில பேருக்குப் பள்ளம் மாதிரி வெற்றிடம் மிஞ்சும். ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை அதுக்குள்ள உருண்டை கட்டி உட்கார்ந்துக்கும். அப்புறம் ஒருநாள் இருமலோட ரத்தம். "டிபி மறுபடி வந்துடுச்சு"ன்னு பயந்து ஓடி வருவாங்க. சளியில கிருமி இருக்காது, எக்ஸ்ரேவுல உருண்டை இருக்கும்.

பூஞ்சை கதை இதோட முடிஞ்சது. இனிதான் என் கருத்து.

எத்தனை சதவீதத்துல வச்சா சேஃப்? எதுலயும் இல்ல. 65-லயும் இல்ல, 70-லயும் இல்ல. ஈரப்பதம் சுவையை மாத்தும், எரியற விதத்தை மாத்தும். உங்க வாய்க்குள்ள நடக்கறதை மாத்தாது.

"சுருட்டுப் புகையை உள்ளே இழுக்கறதில்ல, அதனால நுரையீரலுக்குப் போகாது." நான் அதிகமா கேட்கிற வாதம் இது. பாதி உண்மை. சுருட்டு இலை பதப்படுத்தும்போது புளிக்க வைக்கப்படுது. அதோட புகை காரத்தன்மை கொண்டது. காரப் புகையில் நிக்கோடின் வாய்த்தோல் வழியாவே ரத்தத்துக்குப் போயிடும், உள்ளே இழுக்கத் தேவையே இல்ல. அதனாலதான் இழுக்காமலே பழக்கம் ஒட்டிக்குது.

சிகரெட்டுல இருக்கற புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 கிராமுக்கு மேல இருக்கும். சிலதுல ஒரு முழு சிகரெட் பாக்கெட் அளவு. புளிக்கிறப்பவும் ஈரமான இலையிலயும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தும், அது நிக்கோடின் வகையறாக்களோட சேர்ந்து நைட்ரோசமைன் ஆகும். அந்தக் குடும்பத்துல ரெண்டு பேரை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வச்சிருக்கு, அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியல். அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனம் 1998-ல சுருட்டு பத்தித் தனிப் புத்தகமே போட்டது. புகையை உள்ளே இழுக்காதவங்களுக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதுதான் அதோட சாரம்.

இப்ப ரீல்ஸ்ல கோட் போட்ட அண்ணன்கள் மரப்பெட்டியைத் திறந்து மீட்டரைக் காட்டிப் பேசறாங்க. கேட்கிறவனுக்கு ஏதோ லேப்ல தயாரிச்ச பொருள்னு தோணுது. எனக்கு எரிச்சல் அங்கதான். மீட்டர் அளக்கறது இலையோட சௌகரியத்தை. பிடிக்கிறவனோட சௌகரியத்தை அளக்க அதுல முள் கிடையாது.

மலைப்பக்கம் கதை வேற. அங்கே பெட்டியும் இல்ல, மீட்டரும் இல்ல. பெட்டிக்கடையில ஒண்ணு ரெண்டா உதிரி விற்பனை. 2016 ஏப்ரல்ல இருந்து புகையிலை பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கணும்னு சட்டம். உதிரியா வாங்கறவர் கண்ணுல அந்தப் படம் ஒரு நாளும் படாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகத்தானே படமே போட்டாங்க? உதிரி விற்பனையை நிறுத்தாம அட்டைப்படத்தைப் பெரிசாக்கறது கண்துடைப்பு.

2024 ஜூன் கருணாபுரத்துக்கு அப்புறம் கள்ளக்குறிச்சின்னாலே எல்லாருக்கும் சாராயம்தான் ஞாபகம் வருது. நியாயம்தான். ஆனா புகையால போறவங்க ஒரே ராத்திரியில போறதில்ல, அதனால டிவிக்காரங்க வேனும் வர்றதில்ல.

போன மழைக்காலத்துல பார்த்த ஒரு தாத்தா. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரைச் சொல்லல.) சிஓபிடி, அதாவது புகையால சுருங்கிப்போன மூச்சுக்குழாய். மருந்து கொடுத்திருந்தோம், ரோட்டாகேப்ஸ், கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சற வகை. ஒழுங்கா எடுக்கிறேன்னு சத்தியம் பண்ணறார், ஆனா மூச்சு விசில் அடிக்குது. "மருந்தைக் காட்டுங்க தாத்தா"ன்னேன். மடியில இருந்து ஒரு தகர டப்பா எடுத்தார். ஒரு பக்கம் ஈரத்துணியில சுத்தின சுருட்டு, இன்னொரு பக்கம் ஸ்ட்ரிப்ல இருந்து மொத்தமா பிரிச்சுப் போட்ட கேப்ஸ்யூல்கள்.

சுருட்டு அருமையான பதத்துல இருந்தது. கேப்ஸ்யூல் ரப்பர் மாதிரி நெளிஞ்சது. உடைச்சுப் பார்த்தா உள்ளே பொடி கட்டி தட்டிப்போயிருந்தது.

அவர் பொய் சொல்லல. தினம் ரெண்டு வேளை உறிஞ்சியிருக்கார். பொடி தூளா பறந்தாத்தான் நுரையீரலுக்குள்ள இறங்கும். ஈரம் பட்டுக் கட்டியானா பாதி கேப்ஸ்யூல்லயே ஒட்டிக்கும், மீதி தொண்டையில விழும். ஆறு நாள் வார்டுல ஆக்சிஜன்ல இருந்தார்.

இலைக்கு எந்த ஈரம் நல்லதோ, இந்த மருந்துக்கு அதே ஈரம் எமன். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் மழைக்காலத்துல துவைச்ச துணியே நாள்கணக்குல காயாது. அங்கே கேப்ஸ்யூலைக் கையில கொடுத்து அனுப்பறப்ப எப்படி வைக்கணும்னு சொல்லாம அனுப்பினா பாதி மருந்துதான் கொடுத்த மாதிரி. நான் எம்பிபிஎஸ்தான், நெஞ்சக நிபுணர் இல்ல. ஆனா மலைக்குப் போற நோயாளிக்கு, முடிஞ்ச இடத்துல, பொடிக்குப் பதிலா ஸ்ப்ரே வகை இன்ஹேலரும் ஸ்பேசரும் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. ஸ்பேசர் இல்லைன்னா 500 மிலி பிளாஸ்டிக் பாட்டில்ல அடியில துளை போட்டு இன்ஹேலரைப் பொருத்தினாலே வேலை செய்யும். தென்னாப்பிரிக்காவுல ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதிச்சு 1999-லயே சொல்லிட்டாங்க.

2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே போய் பிபி, சுகர் மாத்திரை கொடுக்கிறாங்க. அதே சகோதரிகள் வீட்டுல இன்ஹேலர் இருந்தா அந்த டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அரை நிமிஷ வேலை.

வீட்டுல ரோட்டாகேப்ஸ் இருக்கறவங்களுக்கு: கேப்ஸ்யூலை ஸ்ட்ரிப்லயோ வந்த பாட்டில்லயோ விடுங்க, உறிஞ்சறப்ப மட்டும் ஒண்ணு எடுங்க, காய்ஞ்ச கையால. பாட்டிலுக்குள்ள இருக்கற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீங்க. கருவிக்குள்ள ஊதாதீங்க, உங்க மூச்சுலயும் ஈரம் உண்டு. கருவியைக் கழுவினா நல்லா காய்ஞ்ச பிறகுதான் அடுத்த டோஸ். அடுப்படி, பாத்ரூம், ஜன்னலோரம் வேண்டாம்.

சுருட்டோ பீடியோ ஹான்ஸோ, எதுவா இருந்தாலும், வாயில வெள்ளைத் திட்டு, மூணு வாரம் ஆறாத புண், வாய் முழுசா திறக்க முடியாமை இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வந்து காட்டிடுங்க. வலி இல்லையேன்னு காத்திருக்காதீங்க, ஆரம்பத்துல வலிக்காது.

விட நினைக்கிறவங்க 1800-11-2356-க்குப் பேசுங்க. காசு கிடையாது, தமிழ்லயும் பேசுவாங்க.