பயந்த பூனையை அடக்குவது வீரமா?



போன வெள்ளிக்கிழமை நமது ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வீடியோ வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். கிணற்றடியில் மூன்று தம்பிமார் ஒரு பூனையைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒருவர் பிடரியில் பிடித்துத் தூக்குகிறார், மற்றவர் பின்னங்காலை இழுத்துப் பிடிக்கிறார், மூன்றாமவர் வாளியோடு ஊற்றுகிறார். பூனை தொண்டை கிழியக் கத்துகிறது. பிறகு திடீரென்று கத்துவதை நிறுத்தி, கண் விரிந்தபடி ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. "இப்ப எப்பிடி அடங்கிட்டுது பாருங்க" என்று ஒரு சிரிப்பு. கீழே வரிசையாகச் சிரிப்பு இமோஜி.

"இது பிழை தம்பி" என்று எழுதினேன். உடனே ஒரு பதில்: "சேர், பூனைக்கும் தர்பியத் வேணும்தானே?" எனது கருத்தை விட அந்தப் பதிலுக்குத்தான் லைக் கூட. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பூனை அடங்கவில்லை. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பயத்தில் விறைத்துப் போனது. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவது குட்டிப் பருவத்தோடு சரி. வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் அதற்கு வலியும் பயமும்தான். காது பின்னால் மடிந்து, கண்மணி கறுத்து விரிந்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடப்பதை அமைதி என்று நினைக்கிறோம். அடுத்த முறை வாளிச் சத்தம் கேட்டாலே அது கூரைக்கு மேல் நிற்கும். மிச்சமாவது உங்கள் கையில் உள்ள கீறல் மட்டும்தான்.

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மாட்டுக்கும் அதுதான், பூனைக்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுதான் என்று ஒரே பிரம்பை வைத்திருக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் படித்த எங்கள் எல்லோருக்கும் தோண்டைக்கின் பூனை ஞாபகம் இருக்கும். பசித்த பூனையைப் பெட்டிக்குள் வைத்து, வெளியே உணவை வைத்து, அது எப்படிக் கதவைத் திறக்கக் கற்கிறது என்று பார்த்தவர். பரீட்சைக்காக அவருடைய விளைவு விதியைப் பாடமாக்கினோம். அதே தோண்டைக் பிற்காலத்தில் தனது விதியைத் தானே திருத்தினார். நல்ல விளைவு ஒரு பழக்கத்தை உறுதியாக்கும் அளவுக்கு, தண்டனை ஒரு பழக்கத்தை அழிப்பதில்லை என்றார். அந்தப் பகுதியையும் எழுதிப் புள்ளி எடுத்தோம். பிறகு வகுப்புக்குப் போய் பிரம்பைத் தூக்கினோம்.

"தூக்கினோம்" என்று பொதுவாகச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. நானும் தூக்கினேன். நியமனம் கிடைத்த முதல் வருடம் தரம் ஆறில் ஒரு பிள்ளை. வாசிக்கச் சொல்லி எழுப்பினால் வாய் திறக்காது. இரண்டு மூன்று முறை அடித்தேன். பிறகு குறும்பு எதுவும் இல்லை, அசைவே இல்லை. "பொடியன் திருந்திட்டான்" என்று ஓய்வறையில் பெருமையாகச் சொன்னேன். வருடக் கடைசியில்தான் விளங்கியது, அவனுக்குப் பல எழுத்துகளே தெரியாது. பயத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒழுக்கமான பிள்ளை என்று நினைத்துவிட்டேன். அந்த வீடியோவில் பூனையின் கண்ணைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

பூனை விடயத்திலும் நான் பெரிய ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பூனைக்குக் காலில் காயம் பட்டபோது, உரப்பைக்குள் திணித்து, வாயைக் கட்டி, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். போகும் வழியிலேயே பைக்குள்ளிருந்து என் கையைக் கடித்தது. பூனை வைத்தியம் முடிந்து வர, நான் ஊசி போட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அதற்குப் பிறகு வீட்டில் உரப்பை சரசரத்தாலே அது மதிலேறி ஓடும்.

உம்மாதான் வழி சொன்னா. "பெட்டிய வீட்டுக்குள்ளேயே வை மகன், அது தானாப் போய்ப் படுக்கட்டும்." மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையைத் திறந்தபடி மூலையில் வைத்தோம். உள்ளே பழைய சாரன் துண்டு. முதலில் கூடைக்குப் பக்கத்தில் அவித்த மீன் துண்டு, பிறகு வாசலில், பிறகு உள்ளே. பத்து நாளில் அதற்குள்ளேயே தூங்கியது. பிறகு ஒரு நிமிடம் மூடித் திறந்தோம். பிறகு தூக்கி முற்றத்தைச் சுற்றி வந்தோம். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக் கொண்டுபோனேன். கத்தவும் இல்லை, கடிக்கவும் இல்லை.

"பூனைக்கு இவ்வளவு மினக்கெட எங்களுக்கு நேரமில்லை சேர்" என்பீர்கள். நாளுக்கு இரண்டு நிமிடம், பத்து நாளைக்கு இருபது நிமிடம். கடி வாங்கிய எனக்கு ஆஸ்பத்திரியில் போன நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.

குளிப்பாட்டும் கதைக்கு வருவோம். ஆரோக்கியமான பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெயோ சேறோ பட்டாலொழிய அதற்குக் குளிப்பு தேவையில்லை. தேவை என்றால் பேசினில் கொஞ்சமாக இளஞ்சூட்டுத் தண்ணீர், வழுக்காமல் காலுக்குக் கீழே ஒரு துவாய், வாளிக்குப் பதிலாகக் கோப்பை, தலையில் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைத்தல். இவ்வளவுதான். முடி சீவுவதென்றால் அதற்கு விருப்பமான கன்னம், தாடையில் தொடங்குங்கள். வாலைச் சடார் சடாரென்று அடித்தால் அன்றைக்குப் போதும். நகம் வெட்டுவதென்றால் நித்திரை தூங்கி எழுந்த நேரம், ஒரு நாளைக்கு ஒரு நகம், நுனி மட்டும். உள்ளே ரோஸ் நிறமாகத் தெரிவது இரத்தக்குழாயும் நரம்பும். அதில் வெட்டுப்பட்டால் அடுத்த நகம் வெட்ட அது விடாது, அதில் நியாயமும் இருக்கிறது.

இனி நாய். இங்கேதான் நம்மவர்கள் மார்க்கத்தைக் கொண்டு வருவார்கள். "நாய் நஜீஸ்தானே சேர்?" நமது ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணோடு. அது கழுவுவது பற்றிய சட்டம். கல்லால் எறிவதற்கான அனுமதி அதில் எங்கே இருக்கிறது? தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தனது காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்டவர்கள். முரண்டு பிடித்த ஒட்டகத்தை இப்படியும் அப்படியும் இழுத்த ஆயிஷா நாயகியிடம் மென்மையாக நடக்கும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. முரண்டு பிடிக்கும் மிருகத்தோடு எப்படி நடப்பது என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்? தர்பியத் என்று எனக்குப் பதில் எழுதிய தம்பிக்கு இதுதான் தர்பியத்.

வட்டையில் வாடிக் காவலுக்கு நாய் வைத்திருக்கும் காக்காமாருக்கும் ஒரு வார்த்தை. கட்டையான சங்கிலியில் கட்டி, அடித்து வளர்த்தால் நாய் ரோசமாக இருக்கும் என்கிறீர்கள். அது ரோசமில்லை, பயம். பயந்த நாய் யானைக்கு முன்னால் நிற்காது, சோறு கொண்டுவரும் பிள்ளையைத்தான் கடிக்கும். யானை வெடி போடுவதற்கு முன்னால் நாயை வாடிக்குள் விடுங்கள். பதுங்கினால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். நாய் வாலைக் காலுக்கிடையில் வைத்தால், சும்மா உதட்டை நக்கினால், தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பி கண்ணின் வெள்ளையைக் காட்டினால் அது பயந்திருக்கிறது. கிட்டப் போகக் கூடாது, ஓடவும் கூடாது, கையைத் தொங்கவிட்டு மரம் போல நிற்க வேண்டும். உறுமுவது எச்சரிக்கை. உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கை இல்லாத கடிதான் மிச்சம்.

விசர்நாய்த் தடுப்பூசியை இலவசமாகப் போட வரும்போது நமது ஊரில் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கழுத்தில் கயிற்றுச் சுருக்கு, தரதரவென்று இழுவை, சுற்றி நின்று கத்தும் சனம். ஒருமுறை அப்படிப் பட்ட நாய் அடுத்த வருடம் கயிற்றைக் கண்டாலே காட்டுக்குள். ஊசி போடாத நாய் ஒன்று கூடுகிறது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் பட்டியையும் கயிற்றையும் முன்கூட்டியே வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பழக்குங்கள். கூட்டத்துக்குத் தள்ளி நின்று உங்கள் முறை வரும்போது கொண்டுபோங்கள். அப்படியும் கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த நாட்டின் மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதில் எழுதப்பட்ட உச்ச அபராதம் நூறு ரூபாய். இன்றைக்கு ஒரு ப்ளேன்டீயும் ரோல்ஸும் கூட அதற்கு வராது. சட்டத்துக்குப் பயந்து நாம் திருந்தப் போவதில்லை. நாமாகத்தான் திருந்த வேண்டும்.

கடைசியாக, வீடியோ போட்ட மூன்று தம்பிமாருக்கும். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்களைத் திட்டவும் வரவில்லை. உங்கள் வயதில் எங்கள் கையில் பிரம்பைத்தான் காட்டினார்கள், உங்களுக்கு நாங்களும் அதையே காட்டினோம். வீடியோவை அழித்துவிட்டு, அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். கூடையும் இருக்கிறது, பூனையும் இருக்கிறது. எப்படித் தூக்குவது என்று சேர்ந்தே பழகுவோம்.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.